தண்ணீர் ஊற்றிய கல்

போன வாரம் தியாகதுருகம் உரக்கடைக்கு சூப்பர் பாஸ்பேட் மூட்டை வாங்கப் போனேன். மரவள்ளிக்கு அடியுரம். கூட வந்த மகள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, "இன்னாப்பா, மூட்டைய மோந்துகினு நிக்கிற?" என்றாள். கடைக்காரர் சிரித்தார். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஒரு பழைய கல் ஞாபகம் வரும். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்லலாம். இந்த உரம் ஒருவகைப் பாறையிலிருந்து வருகிறது. அந்தப் பாறையைத் தேடி ராஜஸ்தான் பாலைவனத்தில் துளை போட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்கு அது பெரிய வேலை. ஆனால் மேற்கே கல்வராயன் மலை தெரியாத இடத்தில் எனக்குத் திசையே பிடிபடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல். நான்கு பேர் இருந்தால்தான் மிஷின் ஓடும். நாங்கள் நான்கே பேர். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் அதில் ஏறி ஓடிவிடலாமா என்று யோசிப்பேன். வழியில் லாரி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று பயந்து நின்றுவிடுவேன்.

ஊரில் மனைவிக்கு நிறைமாதம். தலைப்பிரசவம்.

பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாக வரும் கல்லில் ஒரு மருந்தைச் சொட்டுவது என் வேலை. மருந்துக்கும் இதே புளித்த நெடிதான். கல் மஞ்சளானால் சரக்கு இருக்கிறது. "இந்தக் குழியிலயும் மஞ்சள் வரலன்னா மூட்டை கட்டிடலாம்" என்றார் ஜியாலஜிஸ்ட் சார். அன்றிலிருந்து கூடாரத்தில் ஒட்டியிருந்த மாதா படத்தின் முன் நின்று, மஞ்சள் வரக்கூடாது என்று வேண்டினேன். மிஷின் ஓட்டும் அந்தோணி அண்ணன், எலவனாசூர்கோட்டைக்காரர், வரவேண்டும் என்று வேண்டினார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

"ஏன்டா, ரெண்டு பேரும் எதிரும் புதிருமா கேட்டா மாதா இன்னாதான் பண்ணும்?"

"நீங்க கொஞ்சம் கம்மியா வேண்டிக்கங்கண்ணே."

கல் வந்தது. நான் மருந்து பாட்டிலை விட்டுவிட்டு, குடிக்கிற தண்ணீரைச் சொட்டினேன்.

"மஞ்சளா?" ஜீப்பில் உட்கார்ந்தபடி சார் கேட்டார்.

"இல்லீங்க சார்."

என்னை நம்பி நோட்டில் குறித்துக்கொண்டார்.

அப்புறம்தான் யோசித்தேன். கல் எப்படியும் லேபுக்குப் போகும், அங்கே மஞ்சளாகும். போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை பெற்றவளிடம் கல்லைக் காட்டி விசாரிக்கும். என் மூளை அவ்வளவுதான் போகும். அந்தோணி அண்ணன் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "என் கைதான் ராசி கெட்டுப்போச்சி போலக்கீதுடா" என்றார். அதற்குமேல் உட்கார முடியவில்லை.

அதே கல்லை எடுத்துப்போய், சாருக்கு எதிரில் மருந்தைச் சொட்டினேன். முட்டைக்கருபோல மஞ்சள்.

"காலையில வரலையே?"

"காலையில ஊத்துனது தண்ணிங்க சார்."

அவர் காலையில் குறித்ததை நோட்டில் அடித்துவிட்டு, மஞ்சள் என்று எழுதினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "இன்னும் மூணு குழி போடணும். உன்னை ஊருக்கு விட்டா மிஷின் நின்னுடும்ப்பா" என்றார்.

"பாவி, வூட்டுக்குப் போறதுக்காடா?" என்றார் அண்ணன். அவர் ஜெயித்துவிட்டார், ஆனால் முகத்தில் அது இல்லை. மாலையில் மாதா படத்தின் முன் அவர் என் மனைவியின் பெயரை முணுமுணுத்தது காதில் விழுந்தது.

குழந்தை பிறந்து ஒன்பது நாள் கழித்து, தண்ணீர் லாரி டிரைவர், ஆபீசுக்கு வந்த தந்தியை யாரோ எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்தார். இந்தியில் இருந்ததை சார்தான் படித்து, பெண் என்று சொன்னார். நான் ஊர் வந்து சேர்ந்தபோது, இன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறவளுக்கு ஐம்பத்து மூன்று நாள். குனிந்து பார்த்த தாடிக்காரனைக் கண்டு வீறிட்டாள்.

அந்தோணி அண்ணன் இப்போது இல்லை. அந்த மருந்து பாட்டிலும் இல்லையாம். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்தால் எத்தனை சதவீதம் சரக்கு என்று எண்ணே வந்துவிடுமாம். யாரும் ஏமாற்ற முடியாது, ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

அந்த ஐம்பத்து மூன்று நாளில் எடுத்த போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அப்போது எப்படி இருந்தாள் என்று மனைவியை எப்போதாவது கேட்பேன்.

"எல்லாக் கொழந்தைங்க மாதிரிதான் இருந்துச்சி" என்பாள்.