கோச்சி இல்லாத நேரம்

சமையலறைச் சுவர்த்தட்டில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. கண்டியில் என் வீட்டுப் பக்கம் தண்டவாளமே கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றேன்.

நாவலப்பிட்டியில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் இப்படித்தான் கிணுகிணுக்கும். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மத்தியானம் அவை கிணுகிணுத்தன. ஒரு மூச்சு விடுவதற்குள் அலுமாரியே ஆடி, அம்மாவின் கல்யாணக் கோப்பை விழுந்து உடைந்தது. தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"அலுமாரி தானா ஆடிச்சுப்பா" என்றேன், வேலை முடிந்து வந்த அப்பாவிடம். ரயில் நிலையத்தில் வேலை பார்த்த அவருக்கு நேர அட்டவணை மனப்பாடம்.

"அந்த நேரத்துல கோச்சியே இல்ல. உடைச்சிட்டு பொய் வேற சொல்றியா?"

பிரம்பை எடுத்தார். அண்ணன் வாயே திறக்கவில்லை.

இன்று நான் விஞ்ஞான ஆசிரியை. பூமிக்குள் பாறை முறிந்தால் வேகமான அலை முதலில் வந்து தட்டும், மெதுவான அலை பின்னால் வந்து உலுக்கும் என்று பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுகிறேன். அந்த இடைவெளியை அளந்துதான் முறிந்த இடத்தின் தூரத்தைக் கருவிகள் சொல்கின்றன.

சமையலறையில் நின்றபடி இரண்டாவது அலைக்காக எண்ணினேன். ஒன்று, இரண்டு. தரை ஒருமுறை உலுக்கி அடங்கியது.

போன் அடித்தது. நாவலப்பிட்டியிலிருந்து அண்ணன்.

"உனக்கும் ஆடிச்சா?"

"ஆடிச்சு."



"அன்னைக்கும் ஆடிச்சு. தரையில படுத்திருந்தேன்ல, நெஞ்சுலயே தெரிஞ்சிச்சு. சொன்னா எனக்கும் அடி விழும்னு பயந்துட்டேன்."

போனைக் காதில் வைத்தபடியே, தட்டின் ஓரத்திலிருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி வைத்தேன்.