கழுகுமலையில் மதினி ஏற்றிய சாம்பிராணி

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாப்பாட்டோடு கழுகுமலையும் கட்டாயம். பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், பாண்டியர் காலத்தில் சமணத் துறவிகள் தங்கிப் பாடம் நடத்திய பாறையைக் காட்டி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் வரலாறு சொல்லிவிடுவேன். என் மனைவி பாதியிலேயே கொட்டாவி விடுவாள்.

அன்று வந்தவர் அவளுடைய அக்கா, என் மதினி. பாறையின் மேலே பெரிய தேனடை தொங்கியது. அதைப் பார்த்ததும் என் மனைவி நின்றுவிட்டாள். போன வருஷம் ஒரே ஒரு தேனீ கொட்டி, அவளுக்குத் தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் அரும்பாடுபட்டுத்தான் பிழைக்கவைத்தார்கள். இன்னொரு கொட்டு ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "அது அது பாட்டுக்குக் கெடக்கும், வா" என்று கூட்டிப்போன புத்திசாலி நான்தான்.

பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே உள்ள பழைய வட்டெழுத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். இன்னார் செய்வித்தது என்று பெயர் வெட்டியிருக்கும். சிலது செத்துப்போன சொந்தக்காரருக்காகச் செய்து வைத்தது. மதினி காதில் எதுவும் விழவில்லை. பக்கத்தில் அய்யனார் கோவில் இருப்பதால், கண்மூடி உட்கார்ந்திருந்த தீர்த்தங்கரரும் அவருக்கு அய்யனார்தான். சாமியை வெறுங்கையோடு கும்பிடக்கூடாதே. பையிலிருந்த கப் சாம்பிராணியை எடுத்துப் பற்றவைத்துவிட்டார். நான் திரும்புவதற்குள் புகை தேனடைக்குப் போய்விட்டது.

முதலில் சத்தம்தான் வந்தது. மனைவியை இழுத்துப் பாறையோரம் குப்புறப் படுக்கவைத்து, சேலையால் தலையை மூடி, அவள்மேல் கவிழ்ந்துகொண்டேன். மதினி பாட்டில் தண்ணீரைச் சாம்பிராணிமேல் கொட்டிவிட்டு ஓடினார். என் கழுத்தில் கொட்டியது, காதில் கொட்டியது. வலி பெரிதாகத் தெரியவில்லை. சேலைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான் என்னை உலுக்கியது. அவள் மூச்சு சீராக வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். கீழே இறங்க எத்தனை படி என்றுகூட நினைவுக்கு வரவில்லை.

வெகுநேரம் கழித்துச் சத்தம் அடங்கியது. அவளுக்கு ஒரு கொட்டும் இல்லை. சேலையை விலக்கினாள். அவள் முகத்துக்கு நேரே கல்லில் ஒரு வரி எழுத்து.

"இதுல என்ன எழுதிருக்கு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவளாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வரி எனக்கு மனப்பாடம். செத்துப்போன மனைவிக்காக ஒருவன் செய்து வைத்தது.

"தெரியல" என்றேன்.