தண்ணி கேட்டவர்

நெய்வேலியில் நான் பார்த்தவர்களில் அளவோடு குடித்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் பிளாக் வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுபவர். ஒல்லியான உடம்பு, கரி படிந்த விரல்கள். ஞாயிறானால் ஒரு குவார்ட்டர். பங்குனி பிறந்தால் அதுவும் கிடையாது.

“பொட்டி சூட்டுலயே நின்னுகினு இருக்கேன். இந்த வெயில்ல சரக்கும் போட்டா ஒடம்பு காஞ்சிடுங்க. மழை வரட்டும்” என்பார்.

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாப் அருகே சுருண்டு கிடந்தார். “தண்ணி, தண்ணி” என்று குழறினார். நிறுத்தியதெல்லாம் பொய்தானா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் கடந்து போனேன். யாரோதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். வெயில் மயக்கம் என்றார்களாம்.

பத்து நாள் கழித்து, சுருக்கமே இல்லாமல் மடித்த என் சட்டையை நீட்டினார்.

“நீங்க போனது தெரிஞ்சுதுங்க. குனிஞ்சு மோந்தாவது பாத்திருக்கலாம்.”