டாக்டர் காட்டிய இரண்டு விரல்கள்

மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தபோது, கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்த ஒரு பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காதடியில் தாடை மூட்டு உடைந்திருந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு விரல்களைக் காட்டி என்னிடம் இங்கிலீஷில் விளக்கினார். பற்களைக் கம்பியால் கட்டி, எலும்பைத் தானாகப் பொருந்த விடலாம். இல்லாவிட்டால் காதுக்கு முன்னால் கீறி எலும்பை நேராக்கிக் கட்டலாம். துண்டு விலகியிருப்பதால் இரண்டாவதுதான் நல்லது, ஆனால் முக நரம்பில் பட்டுவிடும் ஆபத்து உண்டு, அவளையே கேளுங்கள் என்றார்.

நான் எங்கே கேட்டேன்? "வாயக் கட்டிருவாங்க, கொஞ்ச நாளைக்குக் கஞ்சிதான்" என்று மட்டும் சொன்னேன். கத்தி என்றால் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கூடைக் கயிறு தலையிலிருந்து காதோரமாக இறங்கும்; அங்கே தையல் போட்டால் கூடை தூக்க மாதக்கணக்காகும். கொழுந்து தளதளவென்று வந்துகொண்டிருந்த நேரம். ஆள் சீக்கிரம் வேண்டுமென்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். கொழுந்து பறிக்க வாய் எதற்கு?

கட்டிய வாயோடு அவள் மலையேறினாள். கம்பியைக் கழற்றிய அன்று, தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு திறந்தது. அவள் முதலில் என்னிடம்தான் பேசினாள்.

"ஐயா, அன்னைக்கு டாக்டரு ரெண்டு வெரலக் காட்டுனாரே. ரெண்டாவது என்னங்க?"