சைலன்சர் குழாய் வளைத்த எஞ்சினியர்

நேற்றுச் சந்தையில் யாரோ சூட்டு மண்ணில் கச்சான் கடலை வறுத்தார்கள். அந்த மணத்தில் என் காதுக்குள் அண்ணையின் பழைய கார் உறுமியது.

அன்று, கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதித் தெருவில் புங்குடுதீவுக் காரோடு பந்தயம். பெரிய சைலன்சர் குழாய் போட்டால் எங்கள் கார் பறக்கும் என்றார் அண்ணை. மண் நிரப்பிச் சூடாக்கினால்தான் குழாய் நசியாமல் வளையும். மகா மூளைசாலியான நான் கடற்கரை ஈரமண்ணை நிரப்பி, இரு முனையையும் கட்டையால் அடைத்தேன். நெருப்பில் வைத்ததும் ஈரம் ஆவியாகி, அடைப்புக்கட்டை வெடித்துப் பறந்து கோழிக்கூட்டைப் பிளந்தது.

"விசரா! பின்னேரம் பந்தயமடா! தோத்தா ஊரிலை தலைகாட்டேலாது!" அண்ணை கத்தினார்.

தெருமுனையில் கச்சான் விற்கும் அம்மா வறுக்கிற தாச்சிச் சட்டியோடு ஓடிவந்தார். "இந்தா, வறுத்துக் காஞ்ச மண். இதைப் போடுங்கோ."

குழாய் கொக்கின் கழுத்துப்போல வளைந்தது. பின்னேரம் புங்குடுதீவுக் கார் எங்கள் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் வந்தது.

தோற்ற ஓட்டி எங்கள் காருக்கடியில் குனிந்து பார்த்தார். "ஆர் செய்தது?"

அண்ணை என்னைக் காட்டினார். "என்ரை எஞ்சினியர் இவன்தான்."

கச்சான்கார அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். பள்ளிக்கூடப் படியேறாத எஞ்சினியர் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அது இன்னும் இறங்கவில்லை. இத்தனை வருசத்தில் வயிறுதான் அதை முந்திவிட்டது.