அரையிஞ்சு அக்கா டாக்டரிடம் சொல்லாதது

அந்தத் தையல் கடைக்காரிக்கு அரையிஞ்சு அக்கா என்று பெயர் வைத்தவர்கள் அவளிடம் துணி கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள்தான். தோள் அரை இஞ்சு இறங்கியிருந்தால், போட்டுக்கொண்டவளே "பரவாயில்லக்கா, விடுங்க" என்று கெஞ்சினாலும் விடமாட்டாள். பிரித்துத் தைத்த பிறகுதான் மறுவேலை. ஊரார் துணியில் இத்தனை கண்ணும் கருத்துமாக இருந்தவள், தன் உடம்பு விஷயத்தில் நடந்துகொண்ட லட்சணத்தைக் கேட்டால் உங்களுக்கே கோபம் வரும்.

அவள் இடது கன்னம் அவ்வப்போது உதடு வரைக்கும் மரத்துப்போனது. முதல் இரண்டு தடவையும் பத்து நாள் இருந்துவிட்டுச் சுவடு தெரியாமல் போய்விட்டது. அளவெடுக்கும்போது குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொள்வது அவள் பழக்கம். "ஊசியக் கவ்விக் கவ்வி உதடு செத்துப்போச்சு, வேறென்ன?" என்று தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டு, ஊசிகளை வலது பக்கத்துக்கு மாற்றினாள். மூன்றாவது தடவை பழக்க தோஷத்தில் இடது பக்கம் இடுக்கிக்கொண்டாள். எதிரே நின்ற பெண் அலறிய பிறகுதான் உதட்டில் ரத்தம் வழிவதே அவளுக்குத் தெரிந்தது. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், விஷயம் காதில் விழுந்ததும் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்கேனில், மூளையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்.

"இதுக்கு நிறைய காரணம் இருக்கலாம்மா," என்றார் நரம்பு டாக்டர். "ஒத்தைத் தலைவலி விட்டுட்டுப் போன தழும்பா இருக்கலாம். ரத்த அழுத்தம், வைட்டமின் குறைவு, ஏதாவது தொற்று... இன்னொன்னும் இருக்கு. நோயை விரட்ட வேண்டிய சக்தியே தப்பா நம்ம நரம்பச் சுத்தி இருக்கிற உறையை அரிக்கிறது. அது விட்டு விட்டு வரும், வேற வேற இடத்துல. அதான் கேக்கறேன், இதுக்கு முன்னாடி கண்ணு மங்கினது, கை கால் மரத்தது, ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள் பட்டென்று.

பச்சைப் பொய்! ஆறு வருஷத்துக்கு முன் வலது கண் மூன்று வாரம் மங்கிக் கிடந்தது. கண்ணை உருட்டினாலே வலி. நிறம் பொருந்துகிறதா என்று நூலைத் துணிமேல் வைத்து இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது அவள் வழக்கம். அப்படிப் பார்த்ததில் சிவப்பு நூலும் செங்கல் நிற நூலும் ஒன்றாகவே தெரிந்தன. ஒரு சிவப்பு கவுன் முழுவதையும் செங்கல் நிற நூலில் தைத்துவிட்டு, சாயம் சரியில்லை என்று நூல்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். கண் தானாகத் தெளிந்தது. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. கண் போன தையல்காரி என்று ஒரு பேச்சு கிளம்பினால் யார் துணி கொடுப்பார்கள்? கடைதான் அவள் உயிர்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் நல்லபடியாக வந்தது.

"கன்னம் மட்டும்தான்னா இப்ப மருந்து வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பாப்போம்," என்றார் டாக்டர்.

"அப்பாடா!" என்று எழுந்தே விட்டார் கணவர்.

அவள் எழவில்லை. அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறவர்களை எத்தனை திட்டு திட்டியிருப்பாள்! பொய் அளவைக் கொடுத்துவிட்டு, துணி இறுக்கிப் பிடிக்கிறது என்று அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்பாள்.

"டாக்டர், நான் வயித்த எக்கிட்டேன்," என்றாள்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கண் கதை முழுவதையும் சொன்னாள். அவர் பேனாவை எடுத்தார்.

"நல்லவேளை சொன்னீங்க. அந்த நரம்பு உறைய அரிக்கிற நோய் மாதிரிதான் தெரியுது. முதுகுத்தண்டுல இருந்து நீர் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். அடியோட குணமாக்க மருந்து இல்லம்மா. ஆனா இது திரும்பத் திரும்ப வர்றதக் குறைக்கலாம்."

"கண்ணு மறுபடி மங்குமா?"

"மங்காதுன்னு சொல்ல மாட்டேன். சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா வாய்ப்பு குறையும்."

படிக்கட்டில் இறங்கும்போது கணவர் கேட்டார். "ஆறு வருஷம்! எங்கிட்டகூட ஏம்மா சொல்லல?"

"சொன்னா கடைய மூடச் சொல்லுவீங்க."

"ஆமா. சொல்லியிருப்பேன்," என்றார். "இப்ப சொல்ல மாட்டேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வலது கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். இடது கன்னத்தில் வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. அதை அவர் துடைத்துவிட்டார்.