கந்தகாரில் தண்ணீர் லொறி ஓடியவன்

ஆமியில் பாதி நேரம் காத்திருப்பதில் போய்விடும், மீதி நேரம் ஒன்றும் தெரியாதவர்களின் கட்டளையைக் கேட்பதில் போய்விடும்.

நான் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் வளர்ந்தவன். கனடா ஆமியில் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்குப் போய், கந்தகாரில் லொறி ஓடினேன். முன்னுக்குச் சண்டையில் நின்ற பெடியளுக்குத் தண்ணீர், சாப்பாடு, ரொய்லெற் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இப்போது ஸ்காபரோவிலேயே ரூஜ் பக்கம் வீடு, பிள்ளைகள், முதுகுவலி. மேலாளர் சொல்வது பிழை என்று தெரிந்தும் தலையாட்டுகிற வாசகர்களே, உங்களுக்கு என் பாடு உடனே விளங்கும். உங்கள் மேலாளர் பிழைவிட்டால் நீங்கள் ஓவர்ரைம் செய்ய வேண்டும். எங்களுடையவர் பிழைவிட்டால் ஆளைத் தூக்க ஹெலிகொப்டர் வரவேண்டும்.

நல்ல ஆமி

ஆமியில் என்னை எடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னபோது அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவ. "அம்மா, இது வேற ஆமி, நல்ல ஆமி" என்றேன். ஆள் சேர்க்கிறவன் எனக்குச் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்புவித்தேன்: படிக்கலாம், உலகம் பார்க்கலாம், சமாதானத்தைக் காக்கலாம்.

அன்று சாப்பாட்டுக்கு வந்திருந்த பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு கதைக்கவே இல்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்: "ஒரு ஆமிக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தனாங்கள். உவன் இஞ்ச விலாசம் விசாரிச்சுப் போய் இன்னொண்டில சேர்ந்திட்டு வாறான்."

பெரியவர் வருகிறார்

கந்தகார்த் தூசியை மண் என்று சொல்ல முடியாது, மா என்றுதான் சொல்ல வேண்டும். பல்லுக்குள், காதுக்குள், பாணுக்குள் எல்லாம் இருக்கும். ஒருநாள் தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் அளந்து தந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனால் லொறிகளைக் கழுவத் தண்ணீர் வந்தது! கழுவினோம், துடைத்தோம், சில்லுக்குக் கறுப்புப் பூசினோம். என்னோடு லொறி ஓடிய கெவின் நியூபவுண்ட்லாந்துக்காரன், மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன். சில்லைத் தேய்த்தபடியே வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தான்.

அதிகாரி வந்தார், லொறிகளைப் பார்த்துப் புன்னகைத்தார், படம் எடுத்தார், ஏசி அறைக்குள் போனார். திரும்பி வந்து ஹெலியில் ஏறும் முன்னர் கெவினிடம், "வாகனம் எப்படி இருக்கு?" என்று அன்பாகக் கேட்டார். கெவின் விறைப்பாக சல்யூட் அடித்துச் சொன்னான்: "நல்லாப் பளபளக்குது, சேர். இனிக் கண் தெரியாதவனும் குறி தவறமாட்டான்."

வீதி சுத்தம்

ஒரு காலை, வாகனத் தொடரணி புறப்படும் முன்னர் எங்கள் கப்டன் வரைபடத்தை விரித்து, கண்ணிவெடி தேடுகிறவர்கள் முதல் நாளே பார்த்துவிட்டார்கள், வீதி சுத்தம் என்றார். வழியில், வாய்க்காலுக்கு மேலே ஒரு மதகு இருந்தது. வழக்கமாக அதில் விளையாடுகிற பிள்ளைகளை இரண்டு நாளாகக் காணவில்லை, ஊருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று கெவின் சொன்னான். ஆட்கள் இறங்கி மதகைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் கேட்டான். கப்டன் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நேரமில்லையாம்.

கெவின் முதல் லொறியில், நான் இரண்டாவதில். மதகில் அவனுடைய லொறி ஏறியதைக் கண்டேன். பிறகு லொறியைக் காணவில்லை, புழுதிதான் நின்றது. தண்ணீர்ப் போத்தல்கள் வானத்திலிருந்து விழுந்தன. சத்தம் எனக்குக் கடைசியாகத்தான் கேட்டது போல இருந்தது. ஓடிப்போய்க் கதவைப் பிடுங்கி அவனை இழுத்தேன். காலில் கட்டுப் போடும்போது கை வழுக்கிக்கொண்டே இருந்தது. "கதை, கெவின், ஏதாவது கதை" என்று கத்தினேன், அவன் நித்திரையாகிவிடக் கூடாதே என்று.

உயிர் தப்பிவிட்டான். இடது கால் தப்பவில்லை. ஸ்ரெச்சரில் ஹெலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்: "வீதி சுத்தம் எண்டவனை ஒருக்கா இதில நடந்து வரச்சொல்லு."

மொழிபெயர்க்க விரும்பாத கேள்வி

மதகில் வெடித்த கோபத்தைப் பக்கத்து ஊரில் தீர்க்க ஏற்பாடு. ஆள் பற்றாக்குறை என்று லொறிக்காரனான என்னையும் சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு வீட்டின் கதவை உதைத்து உடைத்தார்கள். உள்ளே ஒரு தையல் மெஷினும் வெங்காய மூட்டையும்தான் இருந்தன. பெண்கள் மூலையில் அழுதார்கள். வீட்டுக் கிழவர் முற்றத்தில் வெறுங்காலோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்குக் காவல் நான். யாழ்ப்பாணத்தில் எங்கள் முற்றத்தில் அப்பா இப்படித்தான் ஆமிக்கு முன்னால் நின்றவர். எனக்குத் துவக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை.

கிழவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளன் ரஹீம் கேளாதவன் போல நின்றான். "என்ன கேட்கிறார்?" என்றேன். "விடுங்கோ, சேர்" என்றான். நான் விடவில்லை. ரஹீம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்கள் இவையளைப் போல வெள்ளையில்லையாம். உங்கட வீட்டுக் கதவை ஆர் உடைச்சது எண்டு கேக்கிறார்."

கொத்துரொட்டிக் கடையில்

போன மாதம் அஜின்கோர்ட் பக்கம் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டிக்கு ஓடர் கொடுத்துவிட்டு நின்றேன். முதலாளி அண்ணைக்கு யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். "தம்பி வீரன்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டு, தகட்டில் ரொட்டி கொத்துகிற ஆளையும் நிற்பாட்டிவிட்டார். "எத்தனை பேரைச் சுட்டனீர்?" என்று கண்கள் மின்னக் கேட்டார். ஒருவரையும் சுடவில்லை, தண்ணீரும் ரொய்லெற் பேப்பரும் ஏற்றினேன் என்றேன். கெவினைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய முகம் ஆறிப்போய்விட்டது.

கொத்துகிற ஆளுக்குத் தொடரச்சொல்லிக் கை காட்டிவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "உதுக்கு ஏன் தம்பி அவ்வளவு தூரம்? லொறியை இஞ்ச நானூத்தொண்டு ஹைவேயிலயே ஓடியிருக்கலாமே."

போரைப் பற்றி மேடையிலும் கடையிலும் சூடாகப் பேசுகிற எத்தனையோ பேரைக் கண்டுவிட்டேன், அவர்களில் ஒருவரையாவது அந்த மதகடியில் கண்டதாக எனக்கு நினைவில்லை.